நானும் சுத்துதேன், அவனும் சுத்துதான்: பத்தாங்கிளாஸ் சார்வாள்மாருக்கு ஒரு அம்மை எழுதுத மடல்

ஹெட்மாஸ்டர் சார்வாள், பத்தாங்கிளாஸ் எடுக்குத சார்வாள்மாரு, டீச்சரம்மாமாரு, பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்க அண்ணாச்சிமாரு, மதினிமாரு எல்லாருக்கும் வணக்கம்.

நான் திருநெல்வேலிச் சீமைல முக்கூடல் பக்கத்துல பீடி சுத்துத பொம்பள. எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ. ஊரு பேரையும் பள்ளிக்கூடம் பேரையும் எம்பையன் பேரையும் இதுல போடல, போட்டா திங்கக்கிழமை அவனத்தான் எழுப்பி நிப்பாட்டுவாவ. யாருன்னு தெரிய வேண்டியவியளுக்கு தெரிஞ்சிரும். போன்லதான் டைப் பண்ணுதேன், மூத்தவ எழுத்துப்பிழை மட்டும் பாத்துத் தந்தா, எம்பேச்ச புஸ்தகத் தமிழா மாத்தப் போனா, வேண்டாம்ட்டி அப்படியே கெடக்கட்டும்னுட்டேன்.

போன வெள்ளிக்கிழமை காலாண்டு மார்க்கு பாக்க எங்கள வரச் சொல்லியிருந்திய. கடைல பீடிய எண்ணிப் போட்டுட்டு நேரா அங்கருந்து ஓடி வந்தேன், கை கூட சரியாக் கழுவல. ஒவ்வொரு பயலா எழுப்பி மார்க்க சத்தமா வாசிச்சிய. எம்பையன் கணக்குல 11. வாசிச்சிட்டு ஒரு சார்வாள் சொன்னாவ, "ஒனக்கென்னடே கவல, இருக்கவே இருக்கு தட்டும் கத்திரியும், அம்மை கூட உக்காந்து சுத்திர வேண்டியதான". ஹாலே சிரிச்சுது. அங்க இருந்த அம்மைமாருல பாதிக்கு மேல பீடி சுத்துதவதான், நாங்களும் சேந்து சிரிச்சோம் பாத்தியளா, அதுதான் எனக்கு இன்னும் ஆற மாட்டேங்கு.

அவன் தலைய குனியல. திரும்பி என் கையப் பாத்தான். நான் என்னையறியாம வெரல முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டேன், வெரலு பூரா இலைக்கற, தூள் வாடை வேற. நான் மறைச்சத அவன் பாத்துட்டான்.

அன்னைக்கு ராத்திரி சோறு திங்கல. ரெண்டு தடவ கூப்பிட்டேன், மூணாந்தடவ ஏசுனேன், அப்பத்தான் சொன்னான், "நீ சுத்துத பீடிலதான அக்கா காலேஜ் போறா, அத அவிய ஏன் கேவலமா பேசுதாவ, அதுக்கு நீ ஏம்மா சிரிச்ச?"

பதில் சொல்ல முடியல சார்வாள். ஏன்னா அதே வார்த்தைய நானே வீட்டுல ஆயிரம் மட்டம் சொல்லியிருக்கேன். "படிக்காட்டா எம்பொழப்புதாம்ல ஒனக்கும்"னு. அந்த சார்வாள மட்டும் குத்தம் சொன்னா என் வாயி வெந்து போவும். பயங்காட்டுனா படிப்பான்னு நம்ம எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருக்கோம். அவனுக்கு பயம் வரல, நம்ம அம்மைய அசிங்கப்படுத்துதாவளேன்னு ரோசம்தான் வருது, ரோசம் வந்தவன் எப்படி புஸ்தகத்தத் தொடுவான்?

நான் பண்ணாத வித்தையும் இல்ல, அதையும் சொல்லிருதேன். போனப் புடுங்கி அரிசிப்பானைக்குள்ள வச்சேன், அவன் டிவில உக்காந்தான். பக்கத்து வளவுப் பிள்ளையோட மார்க்க தெனம் சொல்லிக் காட்டுனேன், அவ கூட பேசுததயே விட்டுட்டான், பாவம் அந்தப் பிள்ள என்ன பண்ணுச்சு. முத்துமாலை அம்மனுக்கு நேந்துக்கிட்டேன். அவங்க அப்பா திருப்பூர்ல இருந்து போன் போட்டு அரைமணி நேரம் அறிவுர சொல்லுவாவ, இவன் ம்ம் ம்ம்னு கேட்டுக்கிட்டே நகத்தக் கடிப்பான். பொங்கலுக்கு வந்த மாமா ஒருத்தரு "படிச்சாத்தாம்ல மனுசன்"னு ஆரம்பிச்சாரு, இவன் பட்டுனு கேட்டுட்டான், "அப்ப எங்கம்மை மனுசி இல்லியா?" பெரியவங்கள எதுத்துப் பேசுதியான்னு ஒரு அடி வச்சேன். இப்ப யோசிச்சா அவன் கேட்டது சரிதான்.

இன்னொன்னும் கேப்பான். தெருவுல ஒரு பையன் பி.ஈ. முடிச்சிட்டு டவுன்ல ஜவுளிக்கடைல சேல மடிக்கான், "அவன் படிச்சு என்னத்தக் கண்டான்"ம்பான். இதுக்கு நம்ம யாரும் ஒழுங்கா பதில் சொல்லுதது கெடையாது. பேச்ச மாத்திருதோம், இல்லன்னா கலெக்டர் ஆனவரு கதையத் தூக்கிட்டு வந்துருதோம். கண்ணு முன்னால சேல மடிக்கவன் நிக்கான், கலெக்டர் எங்கயோ இருக்காவ, பதினஞ்சு வயசுப்பய எத நம்புவான்? ஆமாடா, படிச்ச எல்லாத்துக்கும் வேல கெடைக்கலதான், எதப் படிச்சோம் எப்படிப் படிச்சோம்னு இருக்குன்னு நேரா ஒத்துக்கிட்டுப் பேசுனாத்தான் அடுத்த பேச்சையே காது கொடுத்துக் கேப்பான். நான் ஒத்துக்கிட்டேன், அன்னைக்குத்தான் மொத தடவையா கத்தாம பேசுனோம்.

நம்ம பக்கத்துல ஒரு கத சொல்லுவாவல்லா, காமராசர் சேரன்மாதேவி ரயில்வே கேட்டுல கார நிப்பாட்டி, மாடு மேச்சிட்டு இருந்த பயகிட்ட ஏன்ல பள்ளிக்கூடம் போவலன்னு கேட்டதா. "போனா சோறு நீயா போடுவ"ன்னு அந்தப் பய திருப்பிக் கேட்டானாம். எங்க ஆச்சி இத தானே கூட நின்னு பாத்த மாதிரி சொல்லும். 1956ல எட்டயபுரத்துல மதியச்சோறு ஆரம்பிச்சது வரைக்கும் அந்தக் கதைய இழுத்துட்டுப் போவும். ஆண்டுவிழால நீங்களும் இதத்தான் சொல்லுதிய, எல்லாரும் காமராசர மட்டும் கும்பிடுதோம். எனக்கு இப்ப அந்தப் பய மேலதான் மரியாதை. தனக்கு எது இல்லன்னு அவன் பளிச்சுனு சொல்லிட்டான். கேட்டவரு அவனத் திமிரு புடிச்சவன்னு சொல்லாம கேட்டுக்கிட்டாரு. இன்னைக்கு எம்பையனுக்கு சோத்துக்குப் பஞ்சமில்ல, வேற எதுவோ இல்ல, அது என்னன்னு இந்த அஞ்சு வருசத்துல நானும் கேக்கல நீங்களும் கேக்கல. ஏன் படிக்கலன்னு மட்டும்தான் கேட்டுருக்கோம், அது கேள்வியே இல்ல, ஏச்சு.

அதனால அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாளு, கட்டு கட்டிக்கிட்டு இருக்கும்போது பைய கேட்டேன். "எங்கல இடிக்குது ஒனக்கு?"

ரொம்ப நேரம் பேசல. பொறவு சொன்னான், "பின்னம் தெரியாதும்மா."

எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. பத்தாங்கிளாஸ் படிக்க பயலுக்கு பின்னம் தெரியாதாம். பேப்பர் கொண்டாலன்னு அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டச் சொன்னா, அஞ்சுல ரெண்டுன்னு எழுதுதான். மேல உள்ளத மேல கூட்டி கீழ உள்ளத கீழ கூட்டிட்டான்.

அப்பத்தான் வருசத்த எண்ணிப் பாத்தேன். 2020 மார்ச்சுல கொரோனான்னு பள்ளிக்கூடத்தப் பூட்டும்போது இவன் நாலாங்கிளாஸ். தெறந்து இவன உள்ள விட்டது 2021 நவம்பர் 1, அப்ப ஆறாங்கிளாஸ்ல பாதி போயிருச்சு. அஞ்சாங்கிளாஸ்னு ஒண்ணு இவன் வாழ்க்கைலயே கெடையாது. கல்வித் தொலைக்காட்சி ஓடுச்சு, இல்லன்னு சொல்லல, ஒரு டிவி, அதுல ஆச்சி சீரியலு, வீட்டுக்கு ஒரு போனு, அதையும் அவங்க அப்பா வேலைக்கு கொண்டு போயிருவாவ. பின்னமும் தசமமும் சொல்லிக் கொடுக்க வேண்டிய வயசு அத்தன மாசமும் இவன் வாய்க்கால்ல குளிச்சிட்டுக் கெடந்தான். இல்லம் தேடிக் கல்வின்னு ஒரு பிள்ள சாயங்காலம் வந்து சொல்லிக் கொடுத்துச்சு, நல்ல பிள்ள, ஆனா ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து எட்டாங்கிளாஸ் வரைக்கும் எல்லாத்தையும் ஒரே திண்ணைல வச்சிக்கிட்டு அது எவ்வளவுதான் பண்ணும். பொறவு ஏழு, எட்டு, ஒம்பதுன்னு எல்லாத்துலயும் பாஸ் போட்டு மேல தள்ளியாச்சு. அடில ஒரு படி இல்லாத ஏணிய வச்சிக்கிட்டு ஏறல ஏறலன்னு அடிச்சிக்கிட்டு இருந்திருக்கோம்.

தட்டுல சுத்துன பீடி கெடந்துச்சு. 60 எண்ணி வச்சேன். பாதிய எடுன்னேன், 30 எடுத்தான். 60ல மூணுல ஒரு பங்கு எவ்வளவுல, 20ன்னான், அத எடுத்து இதோட வையி, 50. நீ எழுதுனது அஞ்சுல ரெண்டு, 60ல அது எவ்வளவு? வெரல விட்டு எண்ணிட்டு 24ன்னான். சொல்லிட்டு அவனே சிரிச்சிட்டான், "பாதியே முப்பதாச்சே, சேத்தா எப்படிம்மா கொறையும்?" பொறவு 60ல 50ன்னா ஆறுல அஞ்சுன்னு அவனே கண்டுபுடிச்சிட்டான். எட்டாங்கிளாஸ் படிச்ச நான் இருவது நிமிசத்துல சொல்லிக் கொடுத்தேன்னு பெருமைக்கு சொல்லல. இருவது நிமிசந்தான் ஆச்சுன்னு சொல்ல வாரேன்.

இப்ப அவன் சுத்துத கதைக்கு வாரேன். ஞாயித்துக்கிழமையானா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு அண்ணாச்சி மோட்டார் ரீவைண்டிங் கடைல, பொசுங்குன மோட்டாருக்கு புதுக்கம்பி சுத்துத கட, அங்க போயி உக்காந்துருவான். சம்பளம் கெடையாது, டீயும் வடையும். ஊருசுத்துதான்னு நான் ஏசிக்கிட்டுதான் இருந்தேன். ஒருநாளு தேடிப் போயி பாக்கேன், கெணத்து மோட்டாரு ஒண்ணு வயித்தக் கிழிச்சி வச்ச மாதிரி கெடக்கு, கருகுன காயில வெட்டி எடுத்துட்டு, இவன் செப்புக்கம்பிய ஃபார்மாங்குத அச்சுல சுத்திக்கிட்டு இருக்கான், ஒதடு மட்டும் அசையுது, எண்ணுதான். நான் பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பல, கைய மட்டும் காட்டி இருன்னுட்டான். சுத்து ரெண்டு கொறஞ்சா மோட்டாரு சூடாயி கரண்ட அதிகமா இழுத்து மறுபடி பொசுங்கிருமாம். வீட்டுல அஞ்சு நிமிசம் ஒரு எடத்துல உக்காராத பய, அங்க ஒரு மணி நேரம் அசையாம இருக்கான். இவனையா சோம்பேறின்னு நீங்களும் நானும் சொல்லிட்டு அலையுதோம்?

அங்க நடந்த ஒண்ணக் கேளுங்க, கணக்கு சார்வாள் குறிப்பாக் கேக்கணும். பழைய காயில்ல 0.8 எம்எம் கம்பி. கடைல அந்தக் கேஜ் தீந்துபோச்சு, 0.4 இருக்கு. இவன் சொல்லியிருக்கான், "0.4 ரெண்டு இழை சேத்துப் போட்டுரலாம் அண்ணாச்சி, ரெண்டும் சேந்தா 0.8தான". அண்ணாச்சி மண்டைல ஒரு தட்டு தட்டி, "ரெண்டு போட்டா மோட்டாரு செத்துரும்ல, நாலு போடணும்"னுருக்காவ. ஏன்னு கேட்டா அவியளுக்கு சொல்லத் தெரியல, "எங்க ஆசான் நோட்டுல அப்படித்தாம்ல இருக்கு, ஏன்னு ஒங்க பள்ளிக்கூடத்துல கேளு".

ராத்திரி பூரா அதையே நோண்டிக்கிட்டு இருந்தான். மூத்தவ ராணி அண்ணா காலேஜ்ல பி.எஸ்.சி. கணக்கு படிக்கா, அவ சனி ஞாயிறு வீட்டுல இருப்பா, அவதான் ரெண்டு வட்டம் வரஞ்சி காட்டுனா. கம்பில கரண்ட் போறது அதோட குறுக்குவெட்டுப் பரப்புலயாம், அது பை ஆர் ஸ்கொயராம், தடிமன் பாதியானா பரப்பு கால்வாசி ஆயிரும், அதான் நாலு வேணும். இவன் பேயறஞ்ச மாதிரி பாத்துக்கிட்டே இருந்தான். பொறவு அவனா பையத் தெறந்து பத்தாங்கிளாஸ் அறிவியல் புஸ்தகத்த எடுத்து மின்னோட்டவியல் பாடத்தப் பொரட்டுதான், மின்தடை நீளத்துக்கு நேரா கூடும், பரப்புக்கு எதிரா கொறையும்னு அதுல அச்சடிச்சே இருக்கு. "இது நம்ம காயிலும்மா"ன்னான்.

ஒங்கள்ட்ட கேட்டுருக்கலாம்லன்னேன். "கேட்டா மொதல்ல அரையும் காலும் கூட்டிக் காமின்னு சொல்லுவாவ, கிளாஸே சிரிக்கும், வேண்டாம்"னான்.

உடனே மறுநாள்ல இருந்து விளக்கு வச்சிப் படிச்சான்னு நெனச்சிராதிய. மறுநாளு பூரா கிரிக்கெட்டுதான் பாத்தான். அது ஒண்ணும் சினிமா இல்ல.

சரி, நான் கேக்க வந்தத கேட்டுருதேன்.

மார்க்க சத்தமா வாசிக்கத நிப்பாட்டுங்க. தாள எங்கையில கொடுங்க, நான் பாத்துக்கிடுதேன். பெத்தவன் பொழப்பச் சொல்லி பிள்ளையப் பயங்காட்டாதிய, நானும் இனிமே சொல்ல மாட்டேன்னு சாமி முன்னால சொல்லியிருக்கேன். அந்த ஹால்ல பீடி சுத்துதவ, செங்கச்சூளைக்குப் போறவ, நூறு நாள் வேலைக்குப் போறவன்னு எல்லாரும்தான் இருந்தோம், எங்க பிள்ளைய எங்களப் பாத்து கூசிப் போனா அது படிப்புக்கு ஒதவாது.

மெதுவாப் படிக்கவன்னு ஒரு ஏழெட்டுப் பேர ஒதுக்கி சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிய, நல்லதுதான். ஆனா அதுல என்ன நடக்குன்னு அவனக் கேட்டேன். ஜியாமெட்ரி ஒண்ணு, கிராஃப் ஒண்ணு, ரெண்டுக்கும் சேத்து 16 மார்க்கு, அத மட்டும் திருப்பித் திருப்பி போட வைக்காவளாம், மிச்சத்துக்கு ஒரு மார்க்க மனப்பாடம் பண்ணு, 35 வந்துரும். பள்ளிக்கூடத்துக்கு ரிசல்ட் வேணும், மேல இருந்து ஒங்கள நெருக்குதாவ, எனக்குப் புரியாம இல்ல. 16ம் போடட்டும், வேண்டாங்கல. அதோட கூட தெனம் அரமணி நேரம் பின்னத்துல இருந்து ஆரம்பிச்சி சொல்லிக் கொடுங்க, அஞ்சாங்கிளாஸ் கணக்குன்னு கேலி பண்ணாம. மார்ச்சுக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கு. அந்த ஏழெட்டுப் பேரும் ஒரே வயசு, எல்லாருமே அஞ்சாங்கிளாஸ் பாக்காத பயலுவதான, எம்பையனுக்கு மட்டுமா ஓட்ட இருக்கும்?

அப்பறம் பேட்டை. இதுதான் முக்கியமா கேக்கேன். தொழில் சொல்லிக் கொடுக்குத அரசு ஐடிஐ திருநெல்வேலி பேட்டைல இருக்குன்னு நம்ம பிள்ளைய எல்லாத்துக்கும் தெரியும், பஸ்ல போகும்போது போர்டு பாத்துருப்பானுவ, உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியாது, ஒங்கள்ல எத்தன பேரு உள்ள போயிருக்கிய? எலக்ட்ரீசியன் ட்ரேடு ரெண்டு வருசம், அதுக்கு பத்தாங்கிளாஸ் பாஸ் வேணும். வயர்மேனுக்கு எட்டாங்கிளாஸே போதும். அரசு ஐடிஐல படிப்புக்கு பீஸ் கெடையாது, மாசம் 750 ரூவா அவங்களே தாராவ. ஐடிஐ முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருசம் சேரலாம், டிப்ளமோ முடிச்சா பி.ஈ. ரெண்டாம் வருசம். இதெல்லாம் மூத்தவ தேடிச் சொன்னது. இந்தா இருக்க மகேந்திரகிரில இஸ்ரோக்காரவிய ராக்கெட் இன்ஜின் சோதிக்காவல்லா, அங்க டெக்னீசியன் வேலைக்கு அவங்க கேக்குததே பத்தாங்கிளாசும் ஐடிஐயும்தான். இத அவங்கிட்ட சொன்னப்ப, "ராக்கெட்டுக்கும் வைண்டிங் உண்டாம்மா?"ன்னு கேட்டான். எனக்கு என்ன தெரியும், ஒங்க சார்வாள்ட்ட கேளுன்னேன், இந்த மட்டம் கேப்பான்னு நெனைக்கேன், கேட்டா ஏசிராதிய.

பத்தாங்கிளாஸ் பாஸ்ங்கது ஒரு வாசல், அதுக்கு அந்தப்பக்கம் அவனுக்குப் புடிச்ச ஒண்ணு இருக்குன்னு கண்ணால பாத்தான்னா நம்ம தொண்டத்தண்ணி வத்த கத்த வேண்டாம். பப்ளிக் முடிஞ்ச பொறவு ஜூன்ல கூட்டிட்டுப் போயி அட்மிஷன் பாரம் வாங்குததுல பிரயோசனம் இல்ல, இப்பவே, அவன் படிக்கதுக்கு நாளு இருக்கும்போதே காட்டணும். ஒரு பஸ்சு பிடிங்க. எங்களையும் கூட்டிட்டுப் போங்க, நாங்களும்தான் பாக்கல. பாளையங்கோட்டைய தென்னிந்தியாவோட ஆக்ஸ்போர்டுன்னு ஊரெல்லாம் பீத்துதோம், பஸ்சுல ஏறுனா வந்துருத தூரம், இதுக்கு முன்னால எம்பையன் அங்க போனது ஒரே ஒரு தடவ, ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அவங்க தாத்தாவ பாக்க.

மேலாண்மைக் குழுவுக்கு தனியா ஒண்ணு. குழுல பாதிப்பேரு பொம்பளையதான், கூட்டத்துல கையெழுத்து மட்டும் போட்டுட்டு வாரோம், நம்ம வாயத் தெறக்கணும். நம்ம பள்ளிக்கூடத்துல படிச்சவிய ஊருக்குள்ளயே இருக்காவ, கரண்டாபீஸ்ல ஒருத்தரு, ஆஸ்பத்திரி லேப்ல ஒரு பிள்ள, காத்தாடி கம்பெனில டவர் மேல ஏறி வேலை பாக்க ரெண்டு பயலுவ. அவியள ஒருநாளு கிளாசுக்கு கூப்பிட்டு, எத்தன தடவ பெயிலானிய, எப்படி ஏறி வந்தியன்னு கேப்போம். கலெக்டர கூப்பிட வேண்டாம். கலெக்டர் வந்தா கைதட்டுவானுவ, கரண்டாபீஸ் அண்ணன் வந்தா கேள்வி கேப்பானுவ.

துட்டு விசயமும் பிள்ளையளுக்குத் தெரியாது. பீடித் தொழிலாளி பிள்ளையளுக்குன்னே மத்திய அரசு ஸ்காலர்ஷிப் இருக்கு, படிக்க கிளாசுக்குத் தக்க வருசம் 1000த்துல இருந்து 25000 வரைக்கும், ஆன்லைன்ல போடணும். மூத்தவளுக்கு புதுமைப்பெண்ல மாசம் 1000 வருது, 2024ல இருந்து ஆம்பளப் பிள்ளையளுக்கும் தமிழ்ப்புதல்வன்னு அதே மாதிரி வந்துருச்சு. இதெல்லாம் ஒரு சார்ட்டுல எழுதி சத்துணவு வாங்குத எடத்துல ஒட்டிப் போடுங்க, ஆபீஸ் ரூம்ல ஒட்டுனா ஒரு பயலும் பாக்க மாட்டான்.

எம்பையன் மேல தப்பே இல்லன்னு சொல்ல வரல. பொய் சொல்லுவான், நோட்டு எழுத மாட்டான், ஒம்பது மணிக்கு எழுப்புனா பத்து மணிக்கு எந்திரிப்பான். அதுக்கு நீங்க ஏசுங்க, ஒரு வார்த்த கேக்க மாட்டேன். எங்க காலத்துல எங்க டீச்சரம்மா எங்கள ஏசாத ஏச்சா. அந்த டீச்சரம்மா நான் எட்டாங்கிளாஸோட நின்னப்ப எங்க வீட்டு வாசல்ல வந்து எங்க அய்யாகிட்ட அரமணி நேரம் மன்றாடுனாவ. அய்யா கேக்கல, தட்டத்தான் கையில கொடுத்தாவ. ஆனா அவிய வந்தது எனக்கு இன்னும் மறக்கல, வெயில்ல கொடைய மடக்கி வச்சிட்டு வாசப்படில உக்காந்திருந்தாவ.

அந்த பீடி பேசுன சார்வாளுக்கும் ஒண்ணு. ஒங்க மேல எனக்கு இப்ப கோவம் இல்ல. நேரம் கெடைச்சா ஒரு ஞாயித்துக்கிழமை அந்த வைண்டிங் கடப் பக்கம் வாங்க, பஸ் ஸ்டாண்டு எறக்கத்துல டீக்கடைக்கு அடுத்த கட. அவன் எண்ணிக்கிட்டு இருந்தா மட்டும் கூப்பிட்டுராதிய, சுத்து விட்டுப்போவும்.

பேட்டைக்கு என்னைக்குன்னு முடிவு பண்ணிட்டு பயககிட்ட சொல்லி விடுங்க. வியாழக்கிழமையா இருந்தா எனக்குத் தோது, வெள்ளிக்கிழமை கடைல கணக்கு முடிப்பாவ. அன்னைக்கு தட்டத் தூக்கி மேல வச்சிட்டு வந்துருதேன், கையையும் நல்லாக் கழுவ மாட்டேன்.

இப்படிக்கு,
பத்தாங்கிளாஸ் பையன் ஒருத்தனோட அம்மை